தன்னடக்கமும் தலைமையும்: சனிக்கிழமை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். திருப்பூரில் எங்கள் பகுதி நூலகத்தின் மாடியில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு சிறு கூட்டம் கூடுகிறது. பனியன் கம்பெனி சூப்பர்வைசர்கள், மகளிர் சுய உதவிக் குழுத் தலைவிகள், தலைமைச் செவிலியர் ஒருவர், புதிதாகப் பதவி உயர்வு பெற்ற வங்கி மேலாளர் என்று பலரும் வருகிறார்கள். நேற்றுவரை பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களிடம் இன்று வேலை வாங்க வேண்டியிருக்கிறது என்பதுதான் எல்லோருக்கும் உள்ள சங்கடம். குறள், கீதை, கௌடில்யரின் அரசியல் நூலான அர்த்தசாஸ்திரம், அசோகர் கல்வெட்டு என்று கலந்துகட்டிப் படிக்கிறோம். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் வாய் வலிக்கப் பதில் சொல்வதற்குப் பதிலாக எழுதிவைத்துவிட்டேன்.

1. அடக்கம் என்றால் அடங்கிப் போவதுதானே? தலைவனாக இருப்பவனுக்கு அது எதற்கு?

பாவம், அந்தச் சொல் ரொம்பவும் அடிபட்டுவிட்டது. "அடங்கிக் கிட" என்று மிரட்டுவதற்கும் அதுதான், இறந்தவரைப் புதைப்பதற்கும் அதுதான். வள்ளுவர் கையாளும் அடக்கம் வேறு. அவர் அதைத் துறவிக்குச் சொல்லவில்லை. குடும்பம், தொழில், விருந்து, கடன் என்று உழல்கிறவனுக்கான இல்லறவியலில் 13-ஆம் அதிகாரமாக வைத்திருக்கிறார். "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்" என்ற 301-ஆம் குறளைச் சேர்த்துப் படித்தால் விஷயம் துலங்கும். யார்மீது உங்கள் கோபம் செல்லுபடியாகுமோ அவர்மீது காட்டாமல் இருப்பதுதான் சினம் காப்பது. மேலதிகாரி திட்டும்போது நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது அடக்கக் கணக்கில் சேராது. அங்கே உங்களுக்கு வேறு வழியில்லை.

புறநானூற்றின் 50-ஆம் பாட்டு இதைக் கண்முன் நிறுத்துகிறது. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையில் வீரமுரசம் வைக்கும் கட்டில் காலியாக இருக்கிறது. முரசை நீராட்டக் கொண்டுபோயிருக்கிறார்கள். எண்ணெயின் நுரையை முகந்து வைத்ததுபோல் மெல்லிய பூக்கள் பரப்பிய கட்டில். நடந்து களைத்து வந்த புலவர் மோசிகீரனார், இன்னதென்று தெரியாமல் அதில் படுத்துத் தூங்கிவிடுகிறார். முரசுக்கட்டிலில் ஏறியவனை இரண்டு துண்டாக்குவதுதான் வழக்கம். அரசன் வருகிறான், பார்க்கிறான், வாளை எடுக்கவில்லை. விசிறியை எடுத்துத் தூங்குகிறவருக்கு வீசுகிறான். வெட்டும் உரிமையும் வலிமையும் முழுதாக இருந்த இடத்தில் அந்தக் கை வேறு வேலை செய்தது. நாம் பேசும் அடக்கம் இதுதான்.

2. எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? எல்லாம் சமஸ்கிருதமாக இருந்தால் பயமாக இருக்கிறது.

குறளில் தொடங்குங்கள். அடக்கமுடைமை (13), வெகுளாமை (31), இறைமாட்சி (39), குற்றங்கடிதல் (44), பெரியாரைத் துணைக்கோடல் (45), வெருவந்த செய்யாமை (57) ஆகிய ஆறு அதிகாரங்கள், அறுபது குறள்கள் போதும். பிறகு கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கடைசி 19 சுலோகங்கள். காந்தியின் ஆசிரமத்தில் மாலைப் பிரார்த்தனையில் ஓதப்பட்ட பகுதி அது. அதற்குமேல் ஆசை இருந்தால் அர்த்தசாஸ்திரத்தின் முதல் பகுதி. அந்த நூல் உலகுக்குத் திரும்பக் கிடைத்ததில் நம் பக்கத்துப் பங்கும் உண்டு: தஞ்சாவூர்ப் பகுதியைச் சேர்ந்த ஒரு பண்டிதர் மைசூர் நூலகத்துக்குக் கொடுத்த சுவடியை வைத்துத்தான் சாமசாஸ்திரி 1909-இல் அதைப் பதிப்பித்தார்.

ஒரே ஒரு சுலோகம் போதும் என்பவர்களுக்கு மகாபாரத உத்தியோக பருவத்தில் விதுரர் திருதராஷ்டிரனிடம் சொல்வதைத் தருகிறேன். தன்னை வெல்லாமல் அமைச்சர்களை வெல்லப் பார்ப்பவனும், அமைச்சர்களை வெல்லாமல் பகைவரை வெல்லப் பார்ப்பவனும் எல்லாவற்றையும் இழப்பார்கள் என்கிறார். வரிசையைக் கவனியுங்கள். கேட்டுக்கொண்டிருந்தவர் பெற்ற மகனையே அடக்க முடியாத அரசர்.

3. தலைவனைக் கெடுப்பது கோபம் ஒன்றுதானா?

இல்லை. கோபம் சத்தம் போடுவதால் முதலில் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். கௌடில்யர் அரசன் விடவேண்டிய ஆறைச் சொல்கிறார்: காமம், குரோதம் (கோபம்), லோபம் (பேராசை), மானம் (வீண் கௌரவம்), மதம் (செருக்கு), ஹர்ஷம் (அளவு மீறிய மகிழ்ச்சி). இந்தச் சாஸ்திரம் முழுவதுமே புலன்களை வெல்வதுதான் என்று ஒரே வாக்கியத்தில் முடித்தும்விடுகிறார். குறளில் குற்றங்கடிதல் அதிகாரத்தின் முதல் இரண்டு குறள்களை எடுத்துப் பாருங்கள். செருக்கு, சினம், சிறுமை என்று 431. இவறல் (கஞ்சத்தனம்), மாண்பிறந்த மானம், மாணா உவகை என்று 432. சிறுமை என்பதற்குக் காமம் என்று உரை சொல்வார்கள். அதே ஆறு! இரண்டு நூல்களும் எவ்வளவோ விஷயங்களில் முகம் திருப்பிக்கொள்ளும். இந்தப் பட்டியலில் கைகோத்துக்கொள்கின்றன.

வகுப்பில் எல்லோரும் புருவம் உயர்த்துவது ஆறாவதற்குத்தான். மகிழ்ச்சி எப்படிக் குற்றமாகும்? தசரதனை நினைத்துக்கொள்ளுங்கள். உயிரைக் காப்பாற்றிய கைகேயிமீது நெகிழ்ந்துபோய் இரண்டு வரம் கொடுத்தான். என்ன வரம், எப்போது கேட்கலாம் என்ற வரையறையே கிடையாது. கூட்டத்தில் கைதட்டல் கேட்டவுடன் "அடுத்த மாதம் எல்லோருக்கும் போனஸ்" என்று வாய்விட்ட மேலாளர்களை நான் பார்த்திருக்கிறேன். உற்சாகத்தில் கொடுத்த வாக்கை நிதானத்தில் திரும்ப வாங்கும்போது, ஆரம்பத்திலேயே மறுத்திருந்தால் வந்திருக்கக்கூடிய வருத்தத்தைப்போல் இரண்டு பங்கு வரும். கோபத்தில் முடிவெடுக்காதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். குஷியில் முடிவெடுக்காதே என்று சொல்ல ஆள் குறைவு.

4. ஐம்புலனை அடக்கு என்கிறார்கள். காலை எட்டு மணிக்கு ஷிப்டுக்குப் போகிறவனுக்கு ஐம்புலனாவது, ஒன்றாவது!

கட உபநிடதத்தில் ஒரு தேர் வருகிறது. உடல் தேர், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி தேரோட்டி, உள்ளே அமர்ந்து பயணம் செய்வது ஆன்மா. இதில் குதிரையைக் கொல்லச் சொல்லவில்லை. குதிரை செத்தால் தேர் நகராது. கீதையும் (2.58) குறளும் (126) ஒரே ஆமையைக் காட்டுகின்றன. ஆமை உறுப்புகளை இழுத்துக்கொள்கிறது, வெட்டிப் போடுவதில்லை. ஆபத்து போனால் வெளியே நீட்டி நடக்கிறது.

ஷிப்டுக்குப் போகிறவருக்கு இதன் பொருள் எளிது. காதில் விழுந்த புறணி ஒரு குதிரை. கைப்பேசித் திரையில் மின்னும் செய்தி ஒரு குதிரை. அவை இழுக்கும், இழுப்பது அவற்றின் இயல்பு. தேரோட்டி விழித்திருக்கிறாரா என்பதே கேள்வி. தம்மபதத்தில் (222) புத்தர் இதே உருவகத்தைக் கூர்தீட்டியிருக்கிறார்: பொங்கி எழும் கோபத்தை, தறிகெட்டு ஓடும் தேரைப்போல் நிறுத்துகிறவனே தேரோட்டி, மற்றவர்கள் வெறும் கடிவாளம் பிடிப்பவர்கள். பதவி என்பது பெரும்பாலும் அந்தக் கடிவாளம் பிடிக்கிற வேலையாகவே முடிந்துபோகிறது.

5. கோபம் வந்து கத்தி முடித்த பிறகுதான், கோபம் வந்தது என்றே தெரிகிறது. என்ன செய்ய?

கத்தும் இடத்தில் பிடிக்க முயன்றால் பிடிபடாது. கீதையின் 2.62, 2.63 சுலோகங்களில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தால் அதில் பற்று, பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம், கோபத்திலிருந்து மயக்கம், மயக்கத்திலிருந்து நினைவு தவறுதல், நினைவு தவறினால் புத்தி நாசம், பிறகு ஆளே நாசம். கோபம் நடுப்படி. அதற்கு மேலே மூன்று படிகள் சத்தமில்லாமல் இறங்கியாகிவிட்டது.

நான் இறங்கிய கதையைச் சொல்கிறேன். மறுநாள் பள்ளி ஆய்வு. அதிகாரி முன்னால் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று ஒரு வாரமாக அதே நினைப்பு. மதியம் சாப்பிடவில்லை. ஆய்வகத்தைத் திறந்து துடைக்கச் சொன்னால் சாவி இல்லை என்றார் அலுவலக உதவியாளர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். வராண்டாவில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்று பார்க்க, அவரைக் கத்தித் தீர்த்தேன். இத்தனை வருஷம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கையில் இருந்த துடைக்கும் துணியை நான்காக மடித்தார். மாலையில் என் மேசை இழுப்பறையைத் திறந்தால் அங்கே கிடந்தது சாவி. முந்தின நாள் நானே வாங்கி வைத்திருக்கிறேன். "நினைவு தவறுதல்" என்று கீதை சொன்னது உவமை இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஆகவே, பிடிக்க வேண்டியது மேல்படிகளில். ஒடிசாவின் தௌலியில் அசோகர் தன் நகர நீதி அதிகாரிகளுக்குப் பாறையில் வெட்டிவைத்த உத்தரவு எனக்கு எந்தத் தத்துவ நூலையும்விடப் பயன்பட்டது. மக்கள் காரணமில்லாமல் சிறைப்படுவது ஏன் என்று பார்த்து, அதிகாரிகளிடம் இருக்கக்கூடாதவற்றைச் சொல்கிறார்: பொறாமை, திடீர்க் கோபம், கடுமை, அவசரம், பழக்கமின்மை, சோம்பல், களைப்பு. களைப்பைக் குற்றப் பட்டியலில் சேர்த்த அரசர்! எல்லாவற்றுக்கும் வேர் கோபமின்மையும் அவசரமின்மையும் என்று முடிக்கிறார். பசி, தூக்கமின்மை, அவசரம் இந்த மூன்றையும் கவனித்தாலே கோபத்தில் பாதி கழன்றுவிடும். மீதியைப் பிறகு தத்துவம் பார்த்துக்கொள்ளட்டும்.

6. கோபப்படாவிட்டால் ஒருவரும் வேலை செய்வதில்லை. குரலை உயர்த்தினால்தான் லைன் ஓடுகிறது.

குரல் வேறு, கோபம் வேறு. "கடிதோச்சி மெல்ல எறிக" என்கிறது 562-ஆம் குறள். ஓங்கும்போது கடுமையாகத் தெரியட்டும், விழும்போது மென்மையாக விழட்டும். ஓங்குகிற கை உங்கள் வசம் இருந்தால்தான் மென்மையாக இறக்க முடியும். கோபத்தில் ஓங்கிய கைக்கு அந்த வித்தை தெரியாது.

தண்டனையே கூடாது என்று இந்த நூல்கள் சொல்லவில்லை. கொடியவரை ஒறுப்பது பயிருக்குக் களை எடுப்பது போன்றது என்பதும் (550) அதே வள்ளுவர்தான். களை எடுக்கிறவர் களைமீது கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. குனிந்து, வேரோடு பிடுங்கி, வரப்பில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறார். தாமதமாக வருகிறவருக்கு விதிப்படி அரைநாள் சம்பளம் பிடியுங்கள். எல்லோருக்கும் ஒரே விதி, முன்கூட்டியே சொன்ன விதி என்றால் குரலே தேவைப்படாது.

7. வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே எரிகிறேன். இதற்குப் பெயர் அடக்கமா, நடிப்பா?

நல்ல கேள்வி. கேட்டவர் தலைமைச் செவிலியர். கீதை 3.6 இதில் கறாராக இருக்கிறது. கை கால்களை அடக்கிவிட்டு மனத்தால் அதையே மென்றுகொண்டிருப்பவனைப் பொய்யொழுக்கம் உடையவன் என்கிறது. சரி, அப்படியானால் எரிகிறதை வெளியே கொட்டிவிடலாமா என்றால், அதே அத்தியாயத்தின் 33-ஆம் சுலோகம் வேறு மாதிரிப் பேசுகிறது: உயிர்கள் தம் இயல்பின்படிதான் நடக்கின்றன, அடக்குமுறை என்ன செய்யும்?

இரண்டையும் சேர்த்து நான் புரிந்துகொண்டது இது. உள்ளே எரிவது தவறில்லை. எரிவதை மறைத்துக்கொண்டு "எனக்கு ஒன்றுமில்லை" என்பதுதான் நடிப்பு. "எனக்கு இப்போது கோபமாக இருக்கிறது, நாளைக் காலை பேசுவோம்" என்று சாதாரணக் குரலில் சொல்லிப் பாருங்கள். அதில் பொய்யும் இல்லை, வெடிப்பும் இல்லை. அந்தச் செவிலியர் அடுத்த வாரம் வந்து, அப்படிச் சொன்னபோது எதிரே நின்றவர் கத்தியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டார் என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அதுவும் ஒரு சிக்கல்தான்.

8. அப்படியானால் சினிமா, பிரியாணி, நண்பர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். புலனடக்கத்தை அவ்வளவு வற்புறுத்திய கௌடில்யரே, அறத்துக்கும் பொருளுக்கும் கேடில்லாமல் இன்பம் நுகரட்டும், இன்பமே இல்லாமல் இருக்க வேண்டாம் என்கிறார். கீதையும் (6.16) மிகையாக உண்பவனுக்கும் பட்டினி கிடப்பவனுக்கும் யோகம் இல்லை என்கிறது. பிரியாணி தாராளமாகச் சாப்பிடுங்கள்.

9. தினமும் என்ன செய்ய வேண்டும்? நேராகச் சொல்லுங்கள்.

மனம் காற்றைப்போல் பிடிபடாதது என்று அர்ஜுனனே அலுத்துக்கொள்கிறான் (6.34). கிருஷ்ணர் மறுக்கவில்லை. உண்மைதான், ஆனாலும் பழக்கத்தாலும் பற்றின்மையாலும் பிடிக்கலாம் என்கிறார். பதஞ்சலி யோக சூத்திரமும் (1.12) இதே இரண்டைத்தான் சொல்கிறது. எல்லாம் பழக்கத்தில் இருக்கிறது. அசோகர் தௌலி உத்தரவைப் பாறையில் வெட்டியதோடு நிற்கவில்லை. திஷ்யம், அதாவது நம் பூசம், வரும் நாள்தோறும் அதை வாசித்துக் கேட்கவேண்டும் என்று விதித்தார். ஒருமுறை கேட்டால் ஒட்டாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் வகுப்பில் ஒரு வேலைதான் கொடுப்பேன். இரவு படுக்கும் முன் ஒரு நோட்டில் ஒரு வரி: இன்று எனக்குக் கீழே இருப்பவர் யாரிடம், எந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டாம்? அவ்வளவுதான். நல்லதை எழுதவேண்டாம், அது தானாகவே நினைவில் நிற்கும். மனிதன் தான் செய்த நல்லதை மட்டும் பார்த்து "இதை நான் செய்தேன்" என்கிறான், தீயதைப் பார்ப்பதில்லை என்று அசோகரின் மூன்றாம் தூண் கல்வெட்டு சொல்கிறது. தினைத்துணைக் குற்றத்தையும் பனைத்துணையாகக் கொள்ளச் சொல்லும் 433-ஆம் குறளும் இந்த நோட்டுக்குப் பொருந்தும்.

நேரத்தைப் பற்றியும் கேட்பார்கள். அர்த்தசாஸ்திரத்தில் அரசனின் பகல் எட்டுக் கூறு, இரவு எட்டுக் கூறு. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். தூக்கத்துக்கு இரண்டே கூறு, மூன்று மணி நேரம்! இதைப் பார்த்து மலைக்க வேண்டாம். தன் சக்திக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம் என்று அவரே ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறார். களைப்பைப் பற்றி 5-ஆம் கேள்வியில் சொன்னதை மறக்காதீர்கள்.

10. அடக்கமாக இரு என்று காலங்காலமாகப் பெண்களுக்கே சொல்லி வந்திருக்கிறார்கள். நீங்களும் அதையே சொல்கிறீர்களா?

கேட்டவர் சுய உதவிக் குழுத் தலைவி. முதல் முறை கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அடக்கமுடைமை அதிகாரத்தின் பத்துக் குறள்களில் எதுவும் பெண்ணைக் குறிவைத்துச் சொல்லவில்லை. அதற்காக, குறளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று மழுப்பவும் நான் தயாரில்லை. மனைவி சொல்கேட்டு நடப்பவனை இடிக்கும் பெண்வழிச்சேறல் என்று ஓர் அதிகாரமே அங்கே இருக்கிறது. அர்த்தசாஸ்திரத்தின் உலகமும் ஆண்களின் அரண்மனைதான். நூலை எழுதியவர்களுக்கும் காலம் உண்டு.

ஆனால் 1-ஆம் கேள்வியின் அளவுகோலை எடுங்கள். அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அடக்கத்துக்கு அர்த்தம். "அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்" என்பதுதான் அந்தக் குறளின் மறுபாதி. செல்லாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன? வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவரிடம் போய் அடக்கத்தைப் போதிப்பது, அந்தக் குறளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிப்பது. உங்கள் குழுவில் இருபது பேரின் சேமிப்புக் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது அல்லவா? அங்கே அது உங்களுக்குரியது. வீட்டில் வாய் திறந்து பேசுவதற்கு அது தடையில்லை.

11. இதெல்லாம் எனக்கு எதற்கு? என் மேலாளருக்குத்தான் வேண்டும். அவருக்கு எப்படிச் சொல்வது?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. ஒவ்வொருவரும் தன் மேலதிகாரியை மனதில் வைத்துக்கொண்டே வகுப்புக்கு வருகிறார்கள். முதலில் ஒரு சின்னக் குத்து: உங்களுக்குக் கீழே இருப்பவரும் இதே கேள்வியை எங்காவது கேட்டுக்கொண்டிருப்பார்.

எடுத்துச் சொல்வதில் கோவூர்கிழார் ஒரு பாடம். சோழன் கிள்ளிவளவன், பகைவனான மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். புலவர் (புறம் 46) அவனைத் திட்டவில்லை. நீ புறாவின் துயரைத் தீர்த்தவன் வழியில் வந்தவன் என்று தொடங்குகிறார். இவர்கள், அறிஞர்களின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்தவர்களின் பிள்ளைகள் என்கிறார். பிறகு அரசனின் பார்வையைக் குழந்தைகள்பக்கம் திருப்புகிறார்: யானையைக் கண்ட வேடிக்கையில் அழுகையை மறந்துவிட்டு, மன்றத்துப் புதிய முகங்களைப் பார்த்து மிரண்டு நிற்கிற சிறுவர்கள். கேட்டாய் அல்லவா, இனி உன் விருப்பப்படி செய் என்று முடித்துவிடுகிறார். பிள்ளைகள் பிழைத்தார்கள். உங்கள் மேலாளரிடமும் அவருடைய நல்ல பக்கத்தைத் தொட்டுத் தொடங்குங்கள், நடந்ததைக் காட்டுங்கள், முடிவை அவரிடமே விடுங்கள். கூட்டத்தின் நடுவில் வேண்டாம்.

நீங்களே மேலாளராக இருந்தால் வேலை இன்னும் அதிகம். இடித்துச் சொல்வாரை வைத்துக்கொள்ளாத மன்னன், கெடுப்பார் இல்லாவிட்டாலும் கெடுவான் (448). கௌடில்யர், தனிமையில் நேரத்தைக் கோட்டைவிடும் அரசனை, நிழல் கடிகாரத்தையும் நாழிகை வட்டிலையும் தார்க்குச்சியாக்கிக் குத்துகிற ஆசான்களையும் அமைச்சர்களையும் அவனே நியமித்துக்கொள்ள வேண்டும் என்கிறார். சாப்பிடும்போதும் அந்தப்புரத்தில் இருக்கும்போதும்கூட மக்கள் காரியத்தைச் சொல்ல வரலாம் என்று அசோகர் ஆறாம் பாறைக் கல்வெட்டில் அறிவிக்கிறார். எனக்கு இதில் தெரிவது ஒன்று: இந்த நூல்களில் எதுவும், தலைவன் தன்னைத் தானே அடக்கிக்கொள்வான் என்று நம்பி விட்டுவிடவில்லை. குத்துவதற்கு ஆளை வைத்துக்கொள்வதும் அடக்கத்தில் சேர்த்திதான். ஒற்றைச் சக்கரம் ஓடாது என்பது கௌடில்யர் வாக்கு.

12. தன்னை நன்றாக அடக்கியவர்கள்தான் மற்றவர்களைப் போட்டு வதைக்கிறார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

உண்மை, ஒத்துக்கொள்கிறேன். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து யோகா செய்கிற முதலாளியிடம் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும். புலன் ஒடுக்கம் ஒரு வலிமை. வலிமைக்குத் தன்னளவில் நன்மை தீமை கிடையாது. இராவணன் செய்யாத தவமா? கௌடில்யர் தன் ஆறு குற்றப் பட்டியலில், மானத்தால் அழிந்தவர்களில் அவனைத்தான் காட்டுகிறார்.

காந்தி தன் வரலாற்றில் தானே எழுதியிருக்கும் ஒரு காட்சி இருக்கிறது. 1898, டர்பன் நகர வீடு. அறைகளில் கழிவுநீர்ப் போக்கு இல்லாததால் சிறுநீர்ப் பாத்திரங்களை எடுத்துக் கொட்ட வேண்டும். பஞ்சமர் குலத்தில் பிறந்த கிறிஸ்தவ எழுத்தர் ஒருவரின் பாத்திரம். கஸ்தூர்பா கண் சிவந்து, கண்ணீர் வழிய, அதை எடுத்துக்கொண்டு படியிறங்குகிறார். காந்திக்கு அது போதவில்லை. முகமலர்ச்சியோடு செய்ய வேண்டும்! கூச்சலிட்டு, மனைவியின் கையைப் பிடித்து இழுத்து, வெளியே தள்ள வாசல் கதவைத் திறந்துவிடுகிறார். உங்களுக்கு வெட்கமில்லையா, நான் எங்கே போவேன், கதவைச் சாத்துங்கள் என்று அந்த அம்மாள் கேட்ட பிறகே அவருக்கு உறைக்கிறது. கொள்கை அவர் பக்கம் சரி, தீண்டாமையை எதிர்த்த கொள்கை. தான் ஏற்ற விரதத்தை இன்னொருவர் மனத்துக்குள்ளும் திணிக்கப் போன இடத்தில் அவர் தவறினார். அடுத்தவர் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று உத்தரவு போடத் தொடங்கும்போது, உங்கள் அடக்கம் எல்லை தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

13. எல்லாம் படித்தும் ஒருநாள் தவறிவிட்டேன். எல்லோர் முன்னாலும் ஒருவரை அவமானப்படுத்திவிட்டேன். இனி எந்த முகத்தோடு போவது?

இரண்டு அரசர்களைப் பாருங்கள். ஊடிய அரசியைத் தேற்றும் அவசரத்தில் போய்க்கொண்டிருந்த பாண்டியன் நெடுஞ்செழியன், விசாரிக்காமல் "கொன்று அச்சிலம்பு கொணர்க" என்றான். பிழை தெரிந்ததும் "யானோ அரசன், யானே கள்வன்" என்று சொல்லி அரியணையிலேயே உயிர் விட்டான். கேட்க உருக்கமாக இருக்கிறது. ஆனால் அதனால் கண்ணகிக்குக் கோவலன் திரும்பவில்லை, மதுரையும் எரிந்தது. அசோகர் உயிர் விடவில்லை. கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்று எண்ணிக்கையோடு தன் தவற்றைப் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் பொறித்துவிட்டு, தொடர்ந்து ஆண்டார். நான் அசோகர் பக்கம்.

ஒரு குறையோடுதான். அந்தப் பதின்மூன்றாம் கல்வெட்டு கலிங்கத்தில் இல்லை. தௌலியிலும் ஜௌகடாவிலும் அதை விட்டுவிட்டு, அதிகாரிகளுக்கான உத்தரவுகளை வெட்டியிருக்கிறார்கள். அடிபட்டவர்கள் படிக்கும் இடத்தில் வருத்தம் எழுதப்படவில்லை.

இது எனக்கு ஏன் உறுத்துகிறது என்றால், நானும் அதைச் செய்தேன். சாவி கிடைத்த அன்று மாலை, அந்த உதவியாளரை என் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தப்பு என்னுடையது, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். அவர் தலையாட்டினார். வெளியே போகும்போது வாசலில் நின்று, "பரவாயில்லைங்க ஐயா. வராண்டாவில்தானே திட்டினீங்க" என்றார். மறுநாள் காலை, ஆய்வு அதிகாரி வருவதற்கு அரைமணி நேரம் முன்னால், பத்தாம் வகுப்பை வராண்டாவில் வரிசையாக நிற்கச் சொன்னேன்.